காரணப்பெயரா, இடுகுறியா? தோற்ற இடம் குறித்து மயக்கும் வணிகப் பெயர்களும் சட்டமும்

முன்னுரை

பொருள்களை அவை தோன்றிய ஊரின் பெயரால் வழங்குதல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். 'காஞ்சிபுரம் உடுத்தினாள்' என்னும் தொடரில் ஊர்ப்பெயர் பட்டுச் சேலைக்கு ஆகிவருவதை இடவாகுபெயர் என்று வகுப்பறையில் விளக்குகிறோம். ஊரின் பெயர் பொருளுக்கு ஆகும்போது அவ்வூர் தலைமுறை தலைமுறையாக ஈட்டிய நற்பெயரும் உடன் செல்கிறது. அதனாலேயே அவ்வூரோடு எத்தொடர்பும் இல்லாதோரும் அப்பெயரைத் தம் சரக்கின்மீது பொறிக்க விழைகின்றனர். இதனால் உண்மையாக உற்பத்தி செய்வோர் சந்தையை இழக்கின்றனர்; வாங்குவோர் விலை கொடுத்து வேறொன்றைப் பெறுகின்றனர்.

இத்தகைய பெயர்களைச் சட்டம் எவ்வாறு அளந்தறிகிறது என்பதை மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் சட்டங்களையும் வழக்குகளையும் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். ஒரு பெயர் மயக்குகிறதா என்பதை அப்பெயரின் அகராதிப் பொருள் மட்டும் முடிவு செய்வதில்லை. அதனைக் கேட்போர் எவ்வாறு பொருள் கொள்கின்றனர் என்பதே முடிவு செய்கிறது என்பது இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

1. இடப்பெயரின் மூன்று நிலைகள்

நன்னூல் பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்துகிறது. வணிகச் சின்னச் சட்டமும் ஏறத்தாழ இதனையொத்த வகைப்பாட்டின்மீது அமைந்துள்ளது. பொருளின் இயல்போடு தொடர்பற்ற இடுகுறிப் பெயரைத் தனியொரு வணிகர் தமக்கே உரியதாகப் பதிவு செய்துகொள்ளலாம். பொருளின் வகை, தரம், தோற்ற இடம் ஆகியவற்றைச் சுட்டும் காரணப்பெயரைப் பொதுவாக அவ்வாறு பதிவு செய்ய இயலாது.

இவ்வடிப்படையில் நோக்கின், வணிகத்தில் வழங்கும் இடப்பெயர் மூன்று நிலைகளில் ஒன்றைச் சார்ந்திருக்கும். முதலாவது, காரணம் மெய்யாக இருப்பது. சரவாக்கில் விளைந்த மிளகைச் 'சரவாக் மிளகு' என்பது இதற்குச் சான்று. அப்பெயர் அங்கு மிளகு பயிரிடும் அனைவருக்கும் வேண்டியதாகையால் ஒருவருக்கு மட்டும் உரிமையாகாது. புவிசார் குறியீடாகப் பதிவுபெற்றுப் பொதுவில் காக்கப்படுகிறது. இரண்டாவது, காரணம் இருப்பதாக எவரும் எண்ண இயலாதது. வாழைப்பழத்திற்கு 'வடதுருவம்' என்று பெயரிட்டால், அது அங்கே விளைந்தது என்று யாரும் நம்பப்போவதில்லை. ஆகவே அது இடுகுறியாக நின்று வணிகச் சின்னமாகலாம். மூன்றாவது, காரணம் இருப்பதுபோல் தோன்றி, உண்மையில் இல்லாதது. சட்டம் மயக்கும் பெயர் என்று விலக்குவது இதனையே.

சிங்கப்பூரின் 1998ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் 7ஆம் பிரிவில் இவ்விரு தடைகளையும் வெவ்வேறாக வகுத்துள்ளது. தோற்ற இடத்தை மட்டுமே சுட்டும் பெயர் ஒரு தடைக்கு உட்படுகிறது. தோற்ற இடம் குறித்துப் பொதுமக்களை ஏமாற்றும் பெயர் மற்றொரு தடைக்கு உட்படுகிறது. மலேசியாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2019 டிசம்பரில் நடப்புக்கு வந்த வணிகச் சின்னச் சட்டமும் 23ஆம் பிரிவில் இத்தகைய தடைகளைக் கொண்டுள்ளது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. சிங்கப்பூர்ச் சட்டத்தின்படி, வெறும் காரணப்பெயர் நெடுங்காலப் பயன்பாட்டால் ஒரு வணிகரையே சுட்டும் தனித்தன்மையைப் பெற்றுவிட்டால் அதனைப் பதிவு செய்ய இடமுண்டு. நம் இலக்கணத்தார் 'முள்ளி' போன்றவற்றைக் காரண இடுகுறி என்பதுபோல, காரணம் கருதிய பெயர் ஒன்றற்கே உரியதாகிவிடுகிறது. ஆனால் ஏமாற்றும் பெயருக்கு இச்சலுகை இல்லை. எத்தனை ஆண்டுகள் வழங்கினும், ஏமாற்றும் இயல்பு நீங்காதவரை அது பதிவுக்குத் தகுதி பெறாது.

2. மூன்று வினாக்கள்

பெயர் ஏமாற்றுகிறதா என்பதை அறிய அமெரிக்க நீதிமன்றம் 2003இல் 'கலிபோர்னியா இன்னோவேஷன்ஸ்' வழக்கில் தெளிவான அளவுகோலை வகுத்தது. கனடாவின் டொரோண்டோ நகரைச் சேர்ந்த அந்நிறுவனம், வெப்பம் தடுக்கும் பைகள் முதலியவற்றுக்கு அப்பெயரைப் பதிவு செய்ய வேண்டியது. பதிவகம் மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், தளர்வான பழைய அளவுகோலைக் கொண்டு மறுத்தது பொருந்தாதென்று கூறி, மூன்று வினாக்களுக்கும் விடை காண வேண்டும் என்றது. பெயரின் முதன்மைப் பொருள், பலர் அறிந்த ஓர் இடமா? பொருள் அவ்விடத்திலிருந்து வந்தது என்று வாங்குவோர் நம்பக்கூடுமா? அந்நம்பிக்கை வாங்கும் முடிவை இயக்குமா?

முதல் வினாவுக்கு இங்கிலாந்தின் 'மக்னோலியா' வழக்கு (1897) நல்ல விளக்கம். அமெரிக்காவில் அப்பெயருடைய ஊர்கள் சில உண்டு. எனினும் கேட்போர் மனத்தில் அச்சொல் மலரையே எழுப்புவதால் அது இடப்பெயராகக் கொள்ளப்படவில்லை. நிலப்படத்தில் ஓர் ஊர் இருப்பது மட்டும் போதாது என்பது இதனால் பெறப்படும்.

மூன்றாம் வினாவே பெரிதும் வேலை செய்வது. பிழையான எண்ணம் ஒன்று உண்டாவதனால் மட்டும் ஏமாற்று நிகழ்ந்துவிடாது. அவ்வெண்ணத்தின் காரணமாகவே ஒருவர் அப்பொருளை வாங்கும்போதுதான் அவருக்கு இழப்பு நேர்கிறது. பையை வாங்குவோர் அது எங்கே தைக்கப்பட்டது என்பதைப் பொருட்படுத்தாதிருக்கலாம். மது, தேயிலை, பட்டு ஆகியவற்றை வாங்குவோர் இடத்தையே தரத்தின் சான்றாகக் கொள்வர்.

3. எவருடைய செவி?

பெயர் வேற்றுமொழியில் அமையும்போது சிக்கல் மிகுகிறது. 'மொஸ்கோவ்ஸ்காயா' என்னும் ரஷ்யச் சொல்லுக்கு 'மாஸ்கோவைச் சார்ந்தது' என்பது பொருள். மாஸ்கோவில் வடிக்கப்படாத வோட்காவுக்கு இப்பெயரைப் பதிவு செய்ய அமெரிக்கப் பதிவகம் மறுத்தது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை நீக்கி, மறு ஆய்வுக்கு அனுப்பியது. அந்நாட்டு மக்கள்தொகையில் ரஷ்ய மொழி பேசுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பொருளை வாங்கக்கூடியவர்களுள் கணிசமான பகுதியினர் ஏமாறுவர் என்று காட்டாமல், சொல்லின் மொழிபெயர்ப்பை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது என்பது அதன் கருத்து. ரஷ்யம் பேசாதவருள்ளும் சொல்லின் ஒலியைக் கொண்டே மாஸ்கோவை நினைப்போர் இருக்கக்கூடும். வோட்காவை வாங்குவோருள் ரஷ்யம் பேசுவோர் மிகுதியாகவும் இருக்கலாம். இவற்றையெல்லாம் சான்றால் நிறுவ வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

பன்மொழிச் சூழலில் வாழும் நமக்கு இவ்வழக்கு அயலானதன்று. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகள் ஒரே கடையின் அடுக்கில் கலந்து நிற்கின்றன. தமிழறிந்தார்க்குக் காரணப்பெயராக ஒலிக்கும் சொல் பிறர்க்கு வெறும் இடுகுறியாக நிற்கும். அப்பொருளை வாங்குவோர் பெரும்பாலும் தமிழரேயாயின், அவர்கள் கொள்ளும் பொருளே அளவுகோலாதல் வேண்டும்.

4. ஒரு சொல், வெவ்வேறு தீர்ப்புகள்

வாங்குவோர் யார் என்பதைப் பொறுத்து முடிவு மாறுவதற்கு மதுவகை வழக்குகள் சான்றாகின்றன. 1960இல் இங்கிலாந்து நீதிமன்றம், 'ஸ்பானிய ஷாம்பேன்' என்னும் பெயரைத் தடுத்தது. ஸ்பெயின் நாட்டின் பெயர் வெளிப்படையாக இருந்தும், மதுவைப் பற்றி மிகுதியும் அறியாதவர் மயங்கக்கூடும் என்று கருதியது. பிரான்சின் ஷாம்பேன் வட்டாரத்தில் உற்பத்தி செய்வோர் அனைவருக்கும் அப்பெயரின் நன்மதிப்பு கூட்டாக உரியது என்னும் கொள்கையும் இவ்வழக்கில் வேரூன்றியது. மலேசிய உயர் நீதிமன்றம் 1999இல் ஸ்காட்ச் விஸ்கிச் சங்கம் உள்ளூர் நிறுவனம் ஒன்றன்மீது தொடுத்த வழக்கில் இக்கொள்கையின் வழியே ஸ்காட்ச் என்னும் பெயரைக் காத்தது.

இந்தியாவில் நிகழ்ந்தது வேறு. பெங்களூரு நிறுவனம் ஒன்று 1968 முதல் 'பீட்டர் ஸ்காட்' என்னும் பெயரில் விஸ்கி வடித்தது. பெயரை அமைத்த பணியாளர், தம் தந்தை ஸ்காட்லாந்தினர் என்பதையும், துருவப் பயணி ஸ்காட், அவர் மகன் பீட்டர் ஸ்காட் ஆகியோரின் பெயர்களையும் காரணமாகக் கூறினார். ஸ்காட்ச் விஸ்கிச் சங்கம் 1974இலேயே இதனை அறிந்தும் 1986இல்தான் பதிவை நீக்கக் கோரியது. பதிவாளரும் சென்னை உயர் நீதிமன்றமும் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். உச்ச நீதிமன்றம் 2008இல் அதனை மாற்றியது. இத்தகைய மதுவை வாங்குவோர் வேறுபாடு அறிந்தவர். எளிதில் மயங்கார் என்பது ஒரு காரணம். பன்னிரண்டு ஆண்டுகள் வாளாவிருந்தமை மற்றொன்று.

பெயருக்கு வணிகர் கூறும் காரணமும் கேட்போர் கொள்ளும் காரணமும் வேறாக இருக்கலாம் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. ஏமாற்றும் பெயர் நாள்பட்டதால் தூய்மையாகாது என்று முன்னர்க் கண்டோம். ஆனால் அதனை எதிர்க்கவேண்டியவர் காலம் தாழ்த்தினால் அவருடைய உரிமை தளரும் என்பதும் இங்குப் புலனாகிறது.

5. ஊரும் திராட்சையும்: புரோசெக்கோ

காரணம் இரண்டாகப் பிரிந்து நிற்பதற்குச் சிங்கப்பூரின் புரோசெக்கோ வழக்கு அண்மைச் சான்று. புரோசெக்கோ என்பது இத்தாலியின் திரியெஸ்தே நகருக்கருகே உள்ள ஊர். அங்குள்ள திராட்சை வகை ஒன்றும் அப்பெயராலேயே வழங்கிவந்தது. 2009இல் இத்தாலி அத்திராட்சையைக் 'கிளேரா' என்று பெயர்மாற்றி, புரோசெக்கோ என்பதை வடகிழக்கு இத்தாலிய வட்டாரத்துக்குரிய பெயராக வரையறுத்தது. இதே திராட்சையைப் பயிரிட்டு இப்பெயராலேயே மதுவை விற்கும் ஆஸ்திரேலியர் இதனை ஏற்கவில்லை.

சிங்கப்பூரின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2014இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் இத்தாலியச் சங்கம் 2019இல் பதிவு வேண்டியபோது, ஆஸ்திரேலியத் தரப்பு எதிர்த்தது. தாவர வகையின் பெயரைக் கொண்டு, தோற்ற இடம் குறித்து நுகர்வோரை மயக்கக்கூடிய குறியீட்டைப் பதிவு செய்யலாகாது என்னும் விதியை அது காட்டியது. பதிவகம் எதிர்ப்பைத் தள்ளியது. உயர் நீதிமன்றம் 2022இல் ஏற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் இத்தாலியர் பக்கம் தீர்ப்பளித்தது. பெயரில் தாவர வகையின் பெயர் அடங்கியுள்ளது என்பதை அந்நீதிமன்றம் ஒப்பியது. ஆயினும் சிங்கப்பூர் நுகர்வோர் மயங்கக்கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை எனக் கண்டது. ஆஸ்திரேலிய மதுவின் இறக்குமதி பெருகியமையும் விளம்பரங்களும் நுகர்வோரின் மனநிலையைத் தாமே மெய்ப்பித்துவிடா.

இவ்வழக்குகளுள் மிகுதியானவை மதுவைப் பற்றியனவாக இருப்பது தற்செயலன்று. 1995இல் நடப்புக்கு வந்த உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம், பிற பொருள்களுக்கு மக்கள் மயங்குகின்றனர் என்று காட்டவேண்டும் என்கிறது. மதுவகைகளுக்கோ மயக்கம் இல்லாதபோதும் பாதுகாப்பு உண்டு என்கிறது. மிளகும் அரிசியும் விளைவிக்கும் ஆசிய உழவர்க்குக் கிடைக்கும் குறைந்தளவுப் பாதுகாப்பு இதனின் மெலிந்ததே.

முடிவுரை

மயக்கும் இடப்பெயர் என்பது சொல்லின் தன்மையாக மட்டும் அமைவதன்று. சொல், பொருள், வாங்குவோர் ஆகிய மூன்றன் உறவில் பிறப்பது. ஆகவே ஒரே பெயர் ஓரிடத்தில் காரணப்பெயராகவும் மற்றோரிடத்தில் இடுகுறியாகவும் நிற்கிறது. இதனை முடிவு செய்வதில் மொழியறிஞர்க்கும் பங்குண்டு. ரோமன் எழுத்தில் அமையாத சின்னங்களைப் பதிவு செய்வதற்கு எழுத்துப்பெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தரல் வேண்டும் என்பது மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளிலும் நடைமுறை. தமிழ்ப் பெயர்க்கு அவ்வாறு பொருள் எழுதித் தருவோர், அகராதிப் பொருளோடு நில்லாமல், அது வழக்கில் ஊரைச் சுட்டுகிறதா, பொருளைச் சுட்டுகிறதா என்பதையும் குறித்தல் நன்று. பெயர்ச்சொல் வகைகளைப் பயிற்றும் ஆசிரியர்களும் கடையில் காணும் பெயர்களையே எடுத்துக்காட்டாகத் தந்து, அப்பெயர்களைக் கேட்டவுடன் எவ்வூர் நினைவுக்கு வருகிறது, அந்நினைவு மெய்தானா என்று மாணவரை வினவலாம்.