வருங்கால வைப்பு நிதி முன்மீட்பு (வருமான வரி)

வருங்கால வைப்பு நிதி முன்மீட்பு என்பது தொழிலாளர் ஒருவர் ஐந்தாண்டுத் தொடர் பணியை நிறைவு செய்யும் முன்னரே தம் வைப்பு நிதிக் கணக்கை முடித்துப் பணம் பெறுவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது "பி.எப். எடுத்தல்" எனப்படுகிறது. ஐந்தாண்டுக்குப் பின் பெறும் தொகைக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அதற்கு முன் பெறும் தொகையில் ஒரு பகுதி வரிக்கு உட்பட்டது. மறு பகுதி உட்படாதது. இவற்றை வருமான வரி அறிக்கையில் பிரித்துக் காட்டும் பொறுப்பு பணம் பெற்றவரையே சாரும்.

தேனி மாவட்டத்தில்

ஆண்டிப்பட்டி, தேனி வட்டார நூற்பாலைகளில் பணிபுரியும் இளம்பெண்கள் பலர் திருமணம் வரை சில ஆண்டுகள் மட்டும் வேலை செய்து நின்றுவிடுவதால் அங்கு முன்மீட்பு புதிதன்று. மேகமலைத் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர்களுக்கும் இவ்விதி பொருந்தும். கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்து மலையேறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரின் நிலை வேறு. இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு தோட்டங்கள் பொதுவாக இந்நிதியின் வரம்பிற்குள் வருவதில்லை. எனவே அங்கு பணிபுரிவோருக்கு மீட்பதற்குக் கணக்கே இருப்பதில்லை.

தொகையின் பகுதிகள்

தொழிலாளர் தம் ஊதியத்தில் 12 விழுக்காடு செலுத்துகிறார். முதலாளியும் 12 விழுக்காடு செலுத்துகிறார், அதில் 8.33 ஓய்வூதியக் கணக்கிற்குச் செல்ல, எஞ்சிய 3.67 விழுக்காடே வைப்பு நிதியில் சேரும்.

முன்மீட்பின்போது முதலாளியின் பங்கும் அதற்கான வட்டியும் ஊதிய வருமானமாகக் கருதப்படும். தொழிலாளரின் பங்கிற்கான வட்டி "பிற வருமானம்" என்ற தலைப்பில் சேரும். தொழிலாளர் செலுத்திய அசல்தான் கவனிக்க வேண்டியது. செலுத்திய ஆண்டில் அதற்கு 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் கழிவு பெற்றிருந்தால் அது இப்போது வரிக்கு உட்படும். பெறாதிருந்தால் அதற்கு வரியில்லை. வரி வரம்பிற்குக் கீழ் ஊதியம் பெற்றோர் பெரும்பாலும் இக்கழிவைக் கோரியிருக்க மாட்டார்கள். 2023-24 நிதியாண்டு முதல் இயல்பு முறையாக்கப்பட்ட புதிய வரி முறையிலும் இக்கழிவு கிடையாது.

எடுத்துக்காட்டு

மாதம் 10,000 ரூபாய் ஊதியத்தில் மூன்றாண்டு பணிபுரிந்த நூற்பாலைத் தொழிலாளி ஒருவரைக் கொள்வோம். அவர் செலுத்தியது 43,200 ரூபாய். முதலாளியின் பங்கு 13,212 ரூபாய். வட்டி முறையே 5,500, 1,680 என வைத்துக்கொண்டால் மொத்தம் 63,592 ரூபாய். கழிவு கோரியிராவிட்டால் வரிக் கணக்கில் வருவது 20,392 ரூபாய் மட்டுமே.

மூலத்தில் பிடித்தம்

2015 சூன் 1 முதல் இத்தகைய தொகையில் 10 விழுக்காடு வரி பிடிக்கப்படுகிறது. 30,000 ரூபாயாக இருந்த தொடக்க வரம்பு 2016 சூன் முதல் 50,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பான் எண் தராதவரிடம் முன்பு உச்ச விகிதத்தில் பிடிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் இது 20 விழுக்காடாகக் குறைந்தது. மேற்கண்ட தொழிலாளியின் தொகை முழுவதற்கும் 10 விழுக்காடு பிடிக்கப்பட்டால் 6,359 ரூபாய் போய்விடும். இது அவரது அரை மாத ஊதியத்திற்கும் மேல். உண்மையில் அவர் செலுத்த வேண்டிய வரி சுழியம். வரி வரம்பிற்குக் கீழுள்ளோர் பிடித்தம் வேண்டாம் என முன்னரே உறுதிமொழிப் படிவம் அளிக்கலாம் (நெடுங்காலம் 15ஜி எனவும், மூத்த குடிமக்களுக்கு 15எச் எனவும் அறியப்பட்டது இதுவே). அதைத் தவறவிட்டவர் வருமான வரி அறிக்கை தாக்கல் செய்துதான் பணத்தைத் திரும்பப் பெற முடியும். வருமானம் குறைவு என்பதால் அறிக்கை தேவையில்லை என்று எண்ணுவோர் இப்பணத்தை இழக்கின்றனர்.

அறிக்கையில் காட்டுதல்

வருமான வரி அறிக்கைப் படிவம் 2 இல், பிற வருமான அட்டவணையில், வரிக்கு உட்பட்ட வைப்பு நிதித் தொகைக்கெனத் தனி இடம் உண்டு. அங்கு ஒவ்வோர் ஆண்டிற்கும் அந்நிதியால் கிடைத்த வருமானப் பயனையும் வரிப் பயனையும் நிரப்ப வேண்டும். எளிய படிவமான முதலாம் படிவத்தில் இவ்விடம் இல்லை. அமெரிக்காவில் கழிவு பெறாத ஓய்வூதியச் சேமிப்பைச் செலுத்தும் ஆண்டிலேயே 8606 எனும் படிவத்தில் பதிவு செய்துவிடுவதால், பின்னாளில் அப்படிவமே சான்றாகிறது. இந்தியாவில் அவ்வாறான படிவம் இல்லாமையால் வைப்பு நிதிக் கணக்கேடும் பழைய வரி அறிக்கைகளுமே சான்று. 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன; பழைய ஆண்டுகளுக்குப் பழைய எண்களே பொருந்தும்.

விலக்குகள்

உடல்நலக் குறைவு, ஆலை மூடப்படுதல் போன்று தொழிலாளரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் பணி முடிந்தால் ஐந்தாண்டு நிபந்தனை பொருந்தாது. ஓர் ஆலையிலிருந்து வேறோர் ஆலைக்கு மாறுபவர் பழைய இருப்பை எடுக்காமல் புதிய கணக்கிற்கு மாற்றிக்கொண்டால் இரு இடத்துப் பணிக்காலமும் சேர்த்தே எண்ணப்படும். 2014 இல் அறிமுகமான பொதுக் கணக்கு எண் இம்மாற்றத்தை எளிதாக்கியது.