ஆய்வேடும் அரசுக் கொள்கையும்: நகரின் நீடித்த நிலைத்தன்மைக்கு இரு சான்றுகள்

நகரின் நீடித்த நிலைத்தன்மை என்பது, இன்று வாழ்வோரின் தேவைகளை நிறைவுசெய்யும்போதே, நாளை வாழப்போவோருக்குரிய நீரையும் நிலத்தையும் காற்றையும் குறைவின்றிக் காத்து வைப்பதாகும். இதற்கு வேண்டிய அறிவைப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் தேடித் தருகின்றன. அவ்வறிவைச் செயலாக்கும் அதிகாரம் அரசாங்கத்திடம் உள்ளது. இவ்விரண்டும் இணையாதபோது ஆய்வு குடத்திலிட்ட விளக்காகிவிடுகிறது. கொள்கையோ இருளில் வழி தேடுகிறது. இவை இணையும் முறையைச் சிங்கப்பூரின் பட்டறிவிலிருந்து இரு சான்றுகளின் வழிக் காண்போம்.

முதற்சான்று நீர். பயன்படுத்திய நீரைத் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும் முயற்சி இங்கு 1974ஆம் ஆண்டிலேயே ஒரு சோதனை ஆலையில் தொடங்கியது. செலவு மிகுதியாக இருந்தது. தொழில்நுட்பமும் நம்பத்தக்க அளவுக்கு முதிரவில்லை. எனவே அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆயினும் அந்த எண்ணம் கைவிடப்படவில்லை. நுண்சவ்வுகளின் தரம் உயர்ந்து, அவற்றின் விலையும் குறைந்த பின்னர், 1998இல் பொதுப் பயனீட்டுக் கழகமும் சுற்றுப்புற அமைச்சும் மீண்டும் ஆய்வைத் தொடங்கின. 2000ஆம் ஆண்டில், நாளொன்றுக்கு 10,000 கனமீட்டர் நீரைச் சுத்திகரிக்கும் செயல்விளக்க ஆலை பிடோக்கில் இயங்கலாயிற்று.

ஆலையின் வெற்றி மட்டும் கொள்கை முடிவுக்குப் போதுமானதாகக் கருதப்படவில்லை. பொறியியல், நச்சியல், நுண்ணுயிரியல் முதலிய துறைகளைச் சார்ந்த உள்நாட்டு, வெளிநாட்டு வல்லுநர்களைக் கொண்ட குழு ஒன்று நீரின் தரத்தை ஆராய்ந்தது. ஏறத்தாழ 190 கூறுகள் சோதிக்கப்பட்டன; எலிகளையும் மீன்களையும் கொண்டு நீண்டகாலச் சோதனைகளும் நடத்தப்பட்டன. நீர் பாதுகாப்பானது என்று 2002இல் அக்குழு அறிவித்த பின்னரே ‘புதுநீர்’ மக்கள் முன் வைக்கப்பட்டது. 2003இல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் ஆலைகள் திறக்கப்பட்டன. இன்று புதுநீரின் பெரும்பகுதி மின்னணுச் சில்லு உற்பத்தி முதலிய தொழில்களுக்கும் கட்டடங்களைக் குளிர்விக்கவும் பயன்படுகிறது. ஒரு சிறு பகுதி நீர்த்தேக்கங்களில் கலக்கப்பட்டு, மீண்டும் சுத்திகரிக்கப்பட்ட பின்னர்க் குடிநீராகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. காலம் கனியாமையால் ஏற்கப்படாத ஆய்வு வீணான ஆய்வன்று. அடுத்து, கழிவுநீர் என்ற சொல்லே அருவருப்பை உண்டாக்கும் நிலையில், ஆணையால் மட்டும் மக்களின் நம்பிக்கையைப் பெற இயலாது. சார்பற்ற ஆய்வும் அதன் முடிவுகளை வெளிப்படையாகக் கூறுவதும் இன்றியமையாதவை.

இரண்டாம் சான்று வெப்பம். கட்டடங்களும் சாலைகளும் பகலில் வெப்பத்தை ஈர்த்து வைத்து, இரவில் மெல்ல வெளியிடுகின்றன. இதனால் நகரப்பகுதி, மரங்கள் செறிந்த புறப்பகுதியைவிடச் சூடாக உள்ளது. இவ்வேறுபாடு சில இரவுகளில் ஏறத்தாழ 7 பாகை செல்சியஸ் வரை எட்டுவதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2017இல் பல ஆய்வு நிறுவனங்கள் இணைந்து நகரைக் குளிர்விப்பதற்கான கூட்டாய்வைத் தொடங்கின. மரம் நடுதல், காற்றோட்டத்திற்கு ஏற்பக் கட்டடங்களை அமைத்தல், போக்குவரத்தும் குளிரூட்டிகளும் வெளியிடும் வெப்பத்தைக் குறைத்தல் ஆகியவற்றுள் எது எங்கே பயன்தரும் என்பதை அது ஆராய்ந்தது.

வெப்பம் அனைவரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. கட்டுமானத் தளத்தில் உழைப்பவரின் உடல், சராசரி வெப்பநிலையைக் கொண்டு காக்கப்படுவதன்று. காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், வெயில் ஆகிய நான்கையும் ஒருங்கே கணிக்கும் குறியீடு ஒன்று 1950களில் அமெரிக்கப் படைப்பயிற்சி முகாம்களுக்காக உருவாக்கப்பட்டது. அதே குறியீட்டைக் கொண்டு மனிதவள அமைச்சு 2023இல் விதிகளை வகுத்தது. அதன்படி, குறியீடு 32 பாகையை எட்டினால், திறந்தவெளியில் கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு அளிக்கப்படவேண்டும். 33 பாகையை எட்டினால் அது 15 நிமிடமாகும். ஆய்வில் பிறந்த ஓர் எண் இவ்வாறு ஒரு தொழிலாளியின் நிழலாகவும் ஓய்வாகவும் மாறுகிறது.

இவ்விணைப்பு எளிதில் அமைவதன்று. ஆய்வு பல ஆண்டுகளை வேண்டுவது; கொள்கை வகுப்போருக்கோ விடை விரைவில் தேவைப்படுகிறது. ஆய்வாளர் வாய்ப்புகளையும் வரம்புகளையும் கூறுவார். அதிகாரி ‘செய்யலாமா, கூடாதா’ என்று வினவுவார். ஆகவே, ஆய்வு முடிந்த பின்னர் அறிக்கையை அனுப்புவதைவிட, ஆய்வு வினாவை வகுக்கும்போதே இரு தரப்பினரும் கலந்துரையாடுவது பயன்தரும். அவ்வாறு கலந்தாலும், அரசு விரும்பும் விடையை மட்டும் தரும் நிலைக்கு ஆய்வு தாழ்ந்துவிடலாகாது. விரும்பாத உண்மையையும் கூறும் உரிமை ஆய்வுக்கு இருந்தால்தான், அதன் மீது எழுப்பப்படும் கொள்கையும் உறுதியாக நிற்கும்.

இப்பணியில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பங்குண்டு. பள்ளி வளாகத்தில் மரநிழலிலும் வெயில் படும் திடலிலும் ஒரே நேரத்தில் வெப்பநிலையை அளந்து, சில வாரங்கள் குறித்து வைத்தாலே ஒரு சிறு ஆய்வு உருவாகிவிடும். அதன் முடிவைத் தெளிந்த தமிழில் எழுதி, திடலில் எங்கே நிழல் வேண்டும், உடற்பயிற்சி வகுப்பை எந்நேரத்தில் நடத்தலாம் என்று பள்ளி நிருவாகத்திடம் பரிந்துரைத்தால், அது கொள்கையை நோக்கிய முதற்படியாகும். அளந்தறிதலையும் அறிந்ததைப் பிறர் ஏற்கும்படி எடுத்துரைத்தலையும் வகுப்பறையிலேயே பழகிய தலைமுறை, நாளை ஆய்வாளராயினும் அதிகாரியாயினும் ஒருவர் மொழியை மற்றவர் புரிந்துகொள்ளும்.