நெடியவனுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

நான்காம் படிவத்தில் என்னோடு ஒருவன் படித்தான். பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பள்ளிப் பேருந்தில் வருவான். பதினாறு வயதிலேயே 6 அடி 3 அங்குலம். சபைக்கூடலில் அவனுக்கு எப்போதும் கடைசி வரிசைதான். 'கொடிக்கம்பம்' என்று கூப்பிடுவோம். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

மாவட்டக் கூடைப்பந்துப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவனைக் குழுவில் சேர்த்தார்கள். தோட்டத்துத் திடலில் கைப்பந்து ஆடியவனே தவிர, கூடைப்பந்தை அவன் அதுவரை தொட்டதில்லை. பயிற்சி மாலை நான்கு மணிக்கு. தோட்டத்துக்குப் போகும் பேருந்தோ இரண்டரை மணிக்கே கிளம்பிவிடும். அதனால் இரண்டே முறைதான் பயிற்சிக்கு வந்தான். போட்டி நாளில், "கூடைக்குக் கீழே போய் நில்" என்றார்கள். நின்றான். எதிரணிக் கூடைக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதியை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. நடுவர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். பந்தைத் தடுக்கப் போய்க் கைபட்டு, கைபட்டு, இடைவேளைக்கு முன்பே ஐந்து தவறுகள் சேர்ந்துவிட்டன. வெளியேற்றப்பட்டான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். அதன்பிறகு அவன் திடல் பக்கமே வரவில்லை.

உயரமானவனைக் குழுவில் சேர்த்தது தவறா? இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். சேர்த்த பிறகு நாங்கள் செய்யாமல் விட்டதுதான் தவறு. கூடைப்பந்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இது விளங்கும்.

நடனம் கற்ற நெட்டையர்

கூடையின் உயரம் 3.05 மீட்டர். அதற்கு அருகில் கை எட்டுபவர் எந்தக் குழுவுக்கும் வரம். ஓடவும் எறியவும் பழக்கலாம், உயரத்தைப் பழக்க முடியாது என்று பயிற்றுநர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதனால்தான் ஆட்டமே தெரியாத நெடிய இளைஞர்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பது இந்த விளையாட்டில் பழைய வழக்கம். அது ஒரு பந்தயம் மாதிரி. சில நேரம் வெல்லும். பல நேரம் தோற்கும்.

1942-இல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மைக்கன் என்ற மாணவர் இருந்தார். 6 அடி 10 அங்குலம், தடித்த மூக்குக்கண்ணாடி, தடுமாறும் கால்கள். அவரைப் பயிற்றுநர் ரே மேயர் உடனே போட்டியில் இறக்கிவிடவில்லை. கயிறு தாண்ட வைத்தார். குத்துச்சண்டை பழக வைத்தார். கால்கள் இலகுவாக நகர வேண்டும் என்பதற்காக நடன வகுப்புக்கும் அனுப்பினார். கூடைக்குக் கீழே நின்று வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று என்று நூற்றுக்கணக்கில் பந்து போட வைத்தார். அந்தப் பயிற்சிக்கு இன்றும் உலகெங்கும் 'மைக்கன் பயிற்சி' என்றே பெயர். பின்னாளில் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில் அவரைத் தடுக்க வழியில்லாமல், கூடைக்கு முன்னிருந்த பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். தடுமாறிக்கொண்டிருந்த ஒருவருக்காகத் திடலின் கோட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து ஹக்கீம் ஒலாஜுவான் காற்பந்துக் கோல்காவலராகவும் எறிபந்து வீரராகவும் இருந்தவர். பதின்ம வயதின் நடுவில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். அமெரிக்காவின் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு முழுவதும் அவர் போட்டிகளில் ஆடவில்லை. கோடை விடுமுறைகளில் அதே நகரத்து நட்சத்திரம் மோசஸ் மலோனோடு மோதி மோதிக் கற்றுக்கொண்டார். 1984-இல் என்.பி.ஏ. அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலிடம் அவருக்கு. மைக்கேல் ஜோர்டனுக்கு மூன்றாம் இடம்தான். 1994, 1995 என அடுத்தடுத்து இரண்டு முறை ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்குக் கிண்ணம் வென்று தந்தார். கோல்கம்பத்தில் பழகிய கால்கள்தான் கூடைக்குக் கீழேயும் அவருக்குக் கைகொடுத்தன என்பார்கள்.

இதே பந்தயம் தோற்றதும் உண்டு. தான்சானியாவின் ஹஷீம் தபீத் 7 அடி 3 அங்குலம். 2009-இல் மெம்ஃபிஸ் அணி அவரை இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தது. முதல் பருவத்திலேயே கீழ்நிலை லீக்குக்கு அனுப்பினார்கள். இரண்டாண்டு முடிவதற்குள் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அதே 2009-இல் ஏழாவதாக எடுக்கப்பட்டவர், 6 அடி 2 அங்குலமே உள்ள ஸ்டீஃபன் கரி. உயரம் உள்ளே நுழையக் கதவைத் திறந்துவிடும். உள்ளே இருக்க வேறு சில வேண்டும்.

லூதியானாவில் ஒரு தமிழர்

இந்தப் பந்தயத்தில் நம்மவர் ஒருவரின் பெயரும் உண்டு. நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். டாக்டர் சங்கரன் சுப்பிரமணியன் என்ற தமிழர், பஞ்சாபின் லூதியானா கூடைப்பந்துக் கழகத்தில் பயிற்றுநராக இருந்தார். பஞ்சாபிக் கிராமங்களில் வயல்வேலை செய்துகொண்டிருந்த நெடிய பையன்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் அம்ரித்பால் சிங். கபடி ஆடிக்கொண்டிருந்தவர், பதின்ம வயதின் கடைசியில்தான் கூடைப்பந்தைப் பிடித்தார். 2014-இல் சீனாவின் வூஹான் நகரில், ஃபீபா ஆசியக் கிண்ணப் போட்டியில், இந்தியா சீனாவை 65-58 என்று தோற்கடித்தபோது அந்த அணியில் அவரும் இருந்தார். 2017-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. சுப்பிரமணியன் 2013-இலேயே காலமாகிவிட்டார். இவற்றை எல்லாம் அவர் பார்க்கவில்லை.

அதே கழகத்துக்குச் சிறுவனாக வந்தவர்தான் சத்னம் சிங். பல்லோ கே என்ற சின்ன கிராமத்து விவசாயியின் மகன். அவருடைய தந்தையும் ஏழடி உயரம். அவருக்குக் கிடைக்காத வாய்ப்பு மகனுக்குக் கிடைத்தது. 2010-இல், பதினான்கு வயதில், கல்வி உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குப் போனார். ஆங்கிலம் தெரியாது, சாப்பாடு புதிது, வீடு பல்லாயிரம் மைல் தள்ளி. ஐந்தாண்டு கழித்து, 2015 ஜூனில், டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. அணியால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவர்தான். உயரம் 7 அடி 2 அங்குலம், வயது பத்தொன்பது.

செய்தித்தாள்கள் கொண்டாடின, அவரைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. ஆனால் என்.பி.ஏ. பருவப் போட்டி ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. டல்லாஸின் கீழ்நிலை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவம் இருந்தார். அங்கும் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தார். பிறகு கனடாவில் ஆடினார். ஊக்கமருந்து விதிமீறலுக்காக இரண்டாண்டுத் தடையும் வந்தது. 2021-இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

அவருடைய கதையைப் படித்துவிட்டு, மில்வாக்கி பக்ஸ் அணியின் கதையையும் படித்தேன். 2013-இல் அந்த அணி, கிரேக்கத்தின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய பதினெட்டு வயது யானிஸ் அண்டெட்டொகும்போவை 15-ஆவதாக எடுத்தது. அவர் அப்போது மெலிந்த, பக்குவப்படாத பையன். அந்தப் பருவத்தில் மில்வாக்கி 82 ஆட்டத்தில் 15-இல் மட்டுமே வென்றது. ஆனாலும் யானிஸைச் சராசரியாக ஆட்டத்துக்கு 24 நிமிடத்துக்கு மேல் ஆடவிட்டார்கள். அவர் எடுத்த சராசரி 6.8 புள்ளிதான். தவறு செய்தார், திருத்தினார்கள், மறுநாளும் ஆடவிட்டார்கள். 2019, 2020 இரண்டு ஆண்டும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. 2021-இல் கிண்ணத்தை உறுதி செய்த ஆட்டத்தில் 50 புள்ளிகள்.

இருவரின் திறமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒரு குழு, ஆட்டம் தெரியாத நெடியவனைச் சேர்க்கும்போது பந்தயம் கட்டுவது குழு. தோற்றால் அதிகம் இழப்பது அந்தப் பையன். குழுவுக்கு அடுத்த ஆண்டு வேறொரு நெடியவன் கிடைப்பான். பையனுக்குப் போன வயது திரும்பி வராது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

ஆகவே, உயரமான தம்பி தங்கைகளே, யாராவது உங்களைக் கூப்பிட்டால் போங்கள்; ஆனால் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போங்கள். எத்தனை மாதம் சொல்லிக் கொடுப்பீர்கள்? போட்டிக்கு மட்டும்தானா, ஆண்டு முழுவதுமா? நெடியவர்களுக்குக் கால் வேலையைப் பழக்கத் தெரிந்தவர் குழுவில் இருக்கிறாரா? உயரம் வேகமாகக் கூடும் வயதில் உடம்புக்கும் மூளைக்கும் ஒத்துவரக் கொஞ்ச காலம் பிடிக்கும். நேற்று எட்டிய தூரம் இன்று வேறாக இருக்கும். அந்தத் தடுமாற்றத்தைச் சோம்பல் என்று நினைக்கும் பயிற்றுநரிடம் வளர்வது கடினம்.

வலி என்றால் ஓய்வு தருவார்களா என்றும் கேளுங்கள். கேமரூனின் ஜோயல் எம்பீட் கைப்பந்து ஆடியவர்; பதினைந்து வயதில் கூடைப்பந்துக்கு வந்தார். 2014-இல் பிலடெல்ஃபியா அணி எடுத்தவுடன் கால் எலும்புக் காயத்தால் இரண்டு பருவம் முழுவதும் ஆடவில்லை. அணி காத்திருந்தது. 2023-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

கடைசிக் கேள்வி படிப்பைப் பற்றியது. எஸ்.பி.எம். தேர்வைக் கெடுக்காத பயிற்சிதான் நல்ல பயிற்சி. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு மதிப்பெண் உண்டு. பெரிய லீக் கிடைக்காவிட்டாலும் அது கையில் நிற்கும்.

நம் பக்கத்துத் திடல்கள்

சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் நகரங்களில் மாலை வேளையில் சீனப்பள்ளித் திடல்களைக் கடந்து போனால் பந்து தட்டும் சத்தம் கேட்கும். நம் தோட்டங்களில் காற்பந்துத் திடலும் கைப்பந்து வலையும்தான் இருந்தன. மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபின் அவற்றிலும் பல ஆளற்றுக் கிடக்கின்றன. ஆனால் ஒலாஜுவான் காற்பந்திலிருந்தும் எம்பீட் கைப்பந்திலிருந்தும் அம்ரித்பால் கபடியிலிருந்தும்தான் வந்தார்கள். இந்த மூன்றும் நமக்கு அந்நியமா? நீண்ட கைகளின் அருமையும் நமக்குப் புதிதல்ல. 'ஸ்பைடர்மேன்' ஆர்.ஆறுமுகத்தை நம் தாத்தாக்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

2016-இல் மலேசிய டிராகன்ஸ் அணி ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்றது. அந்த லீக்கில் கூடைக்குக் கீழே ஆடிய நெடியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். உள்ளூரில் ஒரு நெடியவன் ஒழுங்காகக் கற்று வந்தால் அவனுக்கு இடம் இருக்கிறது என்பதே இதன் பொருள். பள்ளிகளும் பெற்றோரும் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போக ஒரு வண்டி, ஆண்டு முழுவதும் ஒரு ஆசிரியரின் கவனம், சிரிக்காத நண்பர்கள்.

போன தீபாவளிக்கு என் பழைய நண்பனைப் பார்த்தேன். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. நான் அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அத விடுடா. அப்பவே யாராவது ஒரு வருஷம் சொல்லிக் குடுத்திருந்தா எனக்குத் தெரியாமலா போயிருக்கும்?" என்றான். பிறகு உள்ளேயிருந்து தம்பியைக் கூப்பிட்டான். பதினான்கு வயது. கதவு நிலையில் குனிந்து வந்தான்.

இந்தப் பல்கலைக்கழக விடுமுறையில் சனிக்கிழமை காலைகளில் நான் அந்தத் தம்பியோடு திடலில் இருக்கிறேன். அவன் அண்ணன் இரவு வேலை முடித்து மோட்டாரில் கொண்டுவந்து விடுகிறான். வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று என்று மைக்கன் பயிற்சி நடக்கிறது. பாதிப் பந்து வெளியேதான் விழுகிறது. பரவாயில்லை, நேரம் இருக்கிறது.

மூன்று விநாடி விதியை மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டேன்.