வெளிறும் பவளப்பாறைகள்: லட்சத்தீவின் மீட்சிக்குக் கிளிமீன்கள் தேவைப்படுவது ஏன்?

லட்சத்தீவைச் சூழ்ந்துள்ள பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளைத் தொடர்ந்து 2024-லும் பெருமளவில் வெளிறின. 2023 அக்டோபர் இறுதியில் தொடங்கி நீடித்த கடல் வெப்ப அலையே இதற்குக் காரணம் என மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தெரிவித்தது.

பவளம் பாறையன்று, உயிரினம். அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் அளிக்கின்றன. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அப்பாசிகளை வெளியேற்றி விடுகிறது. வெளிறிய பவளம் உடனே மடிவதில்லை. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் திரும்பும். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் இறக்கும்.

இறந்த பவளத்தின் மீது வேறு பாசிகள் அடர்ந்து படர்ந்தால், புதிய பவளக் குஞ்சுகளுக்கு ஒட்டி வளர இடமிருக்காது. அப்பாசியைச் சுரண்டித் தின்று இடத்தைத் தூய்மையாக்குபவை கிளிமீன்கள் போன்ற தாவர உண்ணிகள். அலகு போன்ற பற்களால் அவை பாறையையும் சேர்த்தே அரைக்கின்றன. தீவுகளின் வெண்மணலில் ஒரு பகுதி அவற்றின் கழிவே என்பது பலர் அறியாதது.

இம்மீன்கள் லட்சத்தீவில் பெருமளவு தப்பியதற்குத் தீவினரின் தொழில்முறையும் ஒரு காரணம். அவர்கள் பன்னெடுங்காலமாகப் பாறை மீன்களை விட, ஆழ்கடலில் தூண்டிற்கழி கொண்டு பிடிக்கும் சூரை மீன்களையே நம்பி வந்துள்ளனர். ஆயினும் சூரையை ஈர்க்க வீசப்படும் உயிருள்ள சிறு மீன்கள் பவளப்பாறை சூழ்ந்த காயலிலிருந்தே கிடைக்கின்றன. பாறை அழிந்தால் சூரைத் தொழிலும் தளரும். அண்மைக்காலமாகக் களவா உள்ளிட்ட பாறை மீன்களுக்கு வெளிச்சந்தையில் தேவை பெருகி வருவது கவலைக்குரியது.

அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய தீவுகளில் 1998-ல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, 2022-ல் 20 சதவீதத்துக்கும் கீழே சரிந்துள்ளதாக நீண்டகால ஆய்வு ஒன்று காட்டுகிறது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001-ல் சேர்க்கப்பட்டன. பவளத்தை உடைத்தெடுப்பதை இச்சட்டம் தடுக்கிறது. சூடேறும் நீரைத் தடுக்க அதனால் இயலாது. தீவுகளின் கைக்குள் எஞ்சியிருப்பது, அடுத்த வெப்ப அலைக்கு முன் பாறைகள் தேறுவதற்குத் துணைபுரியும் மீன்களை விட்டுவைப்பதே.