ஜான்ஸி ராணிப் பெண்கள் பட்ட பாடு

பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவரிடம் யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் சற்று யோசித்தே பதில் சொல்வார். பயிற்சி முகாமைப் பற்றிக் கேட்டாலோ யோசிக்கவே மாட்டார். அங்கே தின்ற சோற்றையும், காலைக் கடித்த பூட்ஸையும், விடியுமுன் ஊதிய கொம்பையும், எல்லாவற்றிற்கும் மேலாக ஹவில்தாரின் தொண்டையையும் நேற்று நடந்ததுபோல் வர்ணிக்கத் தொடங்கிவிடுவார். இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்திருந்த ஸ்திரீகளும் இதற்கு விலக்கல்ல. முதிய வயதில் அவர்களிற் சிலர் சொல்லி வைத்திருக்கும் வரலாறுகளைப் படிக்கையில் நமக்குப் பட்ட ஒரு விஷயத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

1943 ஜூலை 2-ந் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், சில தினங்களுக்குள்ளாகவே பெண்களுக்கென்று தனிப் படை வேண்டுமென அறிவித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்துச் சிங்கப்பூரில் வைத்தியம் செய்துவந்த டாக்டர் லக்ஷ்மி ஸ்வாமிநாதன் வீடு வீடாகச் சென்று ஏறக்குறைய இருபது பெண்களைத் திரட்டினார். ஜூலை 12-ந் தேதி நடந்த மாதர் கூட்டத்தில் அவர்கள் புடவை கட்டிய வண்ணமே துப்பாக்கி ஏந்தி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். அந்த ரைபிள் ஒன்றின் நிறை சுமார் 9 ராத்தல். அதுவரை ஊன்றுகோலைக் கூடக் கையில் எடுத்திராத பெண்கள், அதைத் தோளிற் சார்த்திக்கொண்டு அசையாமல் நிற்கக் கற்பதற்கு இரண்டொரு நாட்களே கிடைத்தன. அக்டோபர் 22-ந் தேதி சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கஷ்டம் ஆரம்பமானதும் அன்றுதான்.

புடவை போய்க் காக்கிக் காற்சட்டையும் புஷ் சட்டையும் வந்தன. சிலர் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். அக்காலத்துக் குடும்பப் பெண்ணுக்கு இது எப்பேர்ப்பட்ட காரியம் என்பதை நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். கற்றுக்கொடுத்தவர்களோ பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் ஊறிய ஆண்கள். கட்டளைகள் ஹிந்துஸ்தானியில் வந்தன. படையிற் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். வலப்பக்கம் திரும்பச் சொன்னானா, இடப்பக்கம் திரும்பச் சொன்னானா என்று புரியாமல் வரிசை இரண்டாகப் பிரிந்து போகும் காட்சியை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ரோமன் எழுத்தில் அந்த மொழியைக் கற்பிக்க வகுப்பும் நடந்தது. குறி பார்த்துச் சுடுதல், கைக்குண்டு வீசுதல், துப்பாக்கி முனையில் ஈட்டியைச் செருகிப் பாய்ந்து குத்துதல் ஆகிய எல்லாம் ஆண் சிப்பாய்களுக்கு உள்ளபடியே இருந்தன. முதுகிற் சுமையுடன் மைல் கணக்காக நடக்கும் அணிநடையும் உண்டு. கோலாலம்பூரிலே செல்வமாக வளர்ந்த ஜானகி தேவர் என்ற இளம்பெண், நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தவர். தகப்பனாரின் எதிர்ப்பை வென்று சேர்ந்தவர். அப்படிப்பட்டவருக்கும் ஆரம்பத்தில் முகாம் வாழ்க்கை ஒவ்வவே இல்லை. பிற்காலத்தில் அதை அவர் ஒளிக்கவுமில்லை.

இவையெல்லாம் உண்மையே. ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தக் கஷ்டங்களை நமக்குச் சொன்னவர்கள் யார்? பெரும்பாலும் பள்ளியிற் படித்த, நகரத்து வீடுகளிலிருந்து வந்த பெண்கள். படையின் பெரும்பகுதியோ மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த கூலிக் குடும்பத்துப் பெண்கள். முகாமில் அந்தஸ்து கல்வியைப் பொறுத்து வகுக்கப்பட்டது. படித்தவர்கள் உத்தியோகஸ்தர்களானார்கள், எழுத்தறியாதவர்கள் சிப்பாய்களானார்கள். பட்டாளத்துக்கு எழுத்தறிந்த உத்தியோகஸ்தர் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பேனாவைப் பிடிக்கத் தெரிந்தவர்களின் நினைவு மட்டும் ஏட்டில் ஏறியதற்கும் இதுவே காரணமாயிற்று.

தோட்டத்துப் பெண்ணின் முந்தைய வாழ்க்கையைப் பாருங்கள். வெயில் ஏறினால் பால் வடியாது. ஆகவே கருக்கலிலேயே எழுந்து பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்தாக வேண்டும். இருட்டில் அட்டையும் கொசுவும் கடிக்க நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, பிறகு பால் நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளிற் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். கூலி ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. கங்காணியின் வசவோ கணக்கில் அடங்காது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரையின் எதிரே போகும்போது சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. இவ்விதம் வாழ்ந்த பெண்ணுக்கு விடியற்காலத்து ஊதுகொம்பு புதிதா? சுமை புதிதா? அதட்டல் புதிதா?

ஜப்பானியர் வந்தபின் நிலைமை இன்னும் மோசமாயிற்று. ரப்பர் வாங்குவாரில்லை. அரிசி அகப்படாமல் ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலந் தள்ளினார்கள். உடுக்கத் துணி இல்லை. தோட்டத்து ஆண்களை ஆயிரக்கணக்கில் பிடித்துச் சயாம்–பர்மா ரயில் பாதை போட அனுப்பினார்கள். போனவர்களிற் பெருந்தொகையினர் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் இரையாகித் திரும்பவே இல்லை. இந்த நிலையில் வேளைக்கு உணவும், உடுக்க முழுத்துணியும் கிடைக்கும் இடம் ஒரு பெண்ணுக்கு எப்படித் தோன்றியிருக்கும்? வீட்டுச் சோற்றை நினைத்து ஒருத்தி கலங்கிய அதே பந்தியில், பக்கத்திலிருந்தவள் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டிருக்கக் கூடும். வயிற்றுக்காகத்தான் அவர்கள் சேர்ந்தார்கள் என்று இதற்குப் பொருள் பண்ணுவது பெரும் அநியாயம். தேசத்தைக் கண்ணாற் பார்த்திராத பெண்கள் தேசத்துக்காகத் துப்பாக்கி எடுத்தார்கள். “நீயும் மனுஷிதான்” என்று அவர்களிடம் முதன்முதலிற் சொன்ன இடம் அந்த முகாமாக இருந்திருக்கலாம் என்பதே நமது அபிப்பிராயம்.

1944 மார்ச் 30-ந் தேதி சுமார் 500 பேர் பயிற்சி முடிந்து அணிவகுத்தார்கள். அவ்வருஷமே பல பெண்கள் ரங்கூனுக்கு அனுப்பப்பட்டபோது, எந்த ரயில் பாதை அவர்களுடைய தோட்டத்து ஆண்களை விழுங்கியதோ அதே பாதைமீதுதான் பிரயாணம். வண்டியில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அதன் ஓரத்தில் அண்ணனோ சிற்றப்பனோ புதைந்து கிடந்தானோ! இம்பால் போர் தோல்வியில் முடிந்ததால் இவர்கள் போர்முனையைக் காணவில்லை. மேமியோவிலே காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிசுருஷை செய்தார்கள். சுடக் கற்ற கைக்குச் சுடும் வாய்ப்பு வரவில்லை என்ற குறை பலருக்குக் கடைசிவரை இருந்தது.

நடக்கக் கற்றது மாத்திரம் வீண் போகவில்லை. 1945 ஏப்ரல் 24-ந் தேதி ரங்கூனைக் காலி செய்த நேதாஜி, உடனிருந்த பெண்களை முதலில் பத்திரமாக அனுப்பாமல் தாம் போவதில்லை என்று அவர்களோடேயே புறப்பட்டார். ஆகாயவிமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும், சேற்றையும் ஆறுகளையும் கடந்து பாங்காக் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று வாரமாயிற்று. நேதாஜியின் கால்களும் கொப்புளித்துப் போயின. சிங்கப்பூரில் எந்த அணிநடையைச் சபித்தார்களோ, அது இல்லையென்றால் அந்த இரவுகளில் எத்தனை பேர் வழியில் உட்கார்ந்திருப்பார்களோ தெரியாது.

டாக்டர் லக்ஷ்மி ஸெகல் தமது வரலாற்றை எழுதினார், 2012-ல் காலமானார். ஜானகி அம்மையாருக்கு நமது சர்க்கார் 2000-ல் பத்மஸ்ரீ வழங்கியது. அவரும் 2014-ல் மறைந்தார். இவர்களுக்குச் செய்த மரியாதை தகும். ஆனால் சிப்பாய்களாக நின்ற தோட்டத்துப் பெண்களின் வாய்மொழி எங்கே? ஆராய்ச்சியாளர் தேடிச் சென்றபோது காலங் கடந்துவிட்டது. யுத்தம் முடிந்ததும் அவர்கள் சீருடையைக் கழற்றிவிட்டு மீண்டும் லயத்துக்கும் பால் வாளிக்கும் திரும்பினார்கள். பின்னர் அந்தத் தோட்டங்களே துண்டு துண்டாக விற்கப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும் உருமாறின. குடும்பங்கள் பட்டணங்களுக்குக் கலைந்து போயின.

அவர்களுடைய பெண் மக்களும் பேரன் பேத்திகளும் கிள்ளானிலும் ஈப்போவிலும் சிரம்பானிலும் இன்று இருக்கிறார்கள். நமது சர்வகலாசாலைகள் இங்கிருந்து இரண்டு பேரையாவது அனுப்பி அந்த வீடுகளில் கேட்டு எழுத ஏற்பாடு செய்யலாம். பாட்டி என்றைக்காவது பட்டாளத்தைப் பற்றிப் பேசினாளா? பூட்ஸ் அவள் காலைக் கடித்ததா? அங்கே போட்ட சோறு நன்றாயிருந்ததென்றாளா, இல்லையென்றாளா? அந்தக் காக்கிச் சட்டையை என்ன செய்தாள்?