வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

குடும்ப நிர்வாகம் முழுவதையும் நம் முன்னோர் பழமொழிகளில் அடக்கி வைத்திருக்கிறார்கள். "வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?" என்று கேட்காத தமிழ்க் குடும்பம் இல்லை. கைவசமுள்ளதை மறந்துவிட்டு வெளியே தேடுகிறவனைக் கேலி செய்யப் பிறந்த வசனம் அது. இந்நாளில் நமது அடுக்களைகளைக் கவனித்தால், அது நடந்ததை நடந்தபடியே எழுதிய விருத்தாந்தமாகத் தோன்றுகிறது. வெண்ணெய் பாலின் மேல் ஏடாக நித்தம் மிதக்கிறது. அதை வடிகட்டியில் ஒதுக்கிக் கழுவித் தள்ளிவிட்டு, நெய்க்காக நாம் கடை வாசலில் நிற்கிறோம்.

இந்த விசித்திரத்தை நாம் வசிக்கும் பாரூரில் நன்றாகக் காணலாம். தென்பெண்ணையின் நெடுங்கல் அணையிலிருந்து கால்வாய் வழியே வரும் தண்ணீர் பாரூர்ப் பெரிய ஏரியை நிரப்புகிறது. ஏரி நிறைந்தால் வயல் விளைகிறது. வயல் விளைந்தால் வைக்கோல் கிடைக்கிறது. வைக்கோல் இருக்குமிடத்தில் மாடு இருக்கிறது. பக்கத்தில் ஞாயிறுதோறும் கூடும் போச்சம்பள்ளிச் சந்தையில் ஆடுமாடுகள் கைமாறுவதைப் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தின் கால்நடைச் செல்வத்தை அறிவார்கள். ஆயினும் விடியற்காலையிலும் மாலையிலும் கறக்கும் பால், கறந்த சூடு ஆறுமுன்னே கேனில் ஏறிப் போய்விடுகிறது. இளைஞர்களும் இளம்பெண்களும் சிப்காட் ஆலைகளுக்குக் கம்பெனிப் பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார்கள். பாட்டி தயிர் கடைந்த மத்து பரணில் கிடக்கிறது. நமது வகுப்பில் மத்து என்றால் என்னவென்று கேட்டபோது, கண்ணன் படத்தில் இருப்பது என்று ஒரு பிள்ளை விடை சொன்னான். விடை சரிதான், மார்க்கும் கொடுத்தோம். ஆனால் மாடு கட்டிய வீட்டுப் பிள்ளை அவன்!

நெய்யும் எண்ணெயும்

பழந்தமிழில் 'நெய்' என்ற சொல் பசுவின் நெய்யை மட்டும் குறித்ததன்று. எள்ளிலிருந்து எடுத்த நெய்யும் நெய்தான். 'எள் நெய்' என்பதே புணர்ந்து 'எண்ணெய்' ஆயிற்று. நாளடைவில் அந்தப் பெயர் வித்துக்களிலிருந்து ஆட்டி எடுக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடவே, எள்ளின் எண்ணெயை 'நல்லெண்ணெய்' என்று தனித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. நம் எல்லைப்புறத்தில் தெலுங்கு பேசுவோர் 'நெய்யி' என்றும், கன்னடம் பேசுவோர் 'துப்ப' என்றும் சொல்லுவார்கள். பெயர் எதுவானாலும், ஒப்பட்டின் மேல் உருகி வழியும்போது மூன்று பாஷைக்காரருக்கும் ருசி ஒன்றே.

பழைய அடுக்களையில் ஒவ்வொரு கொழுப்புக்கும் ஒரு வேலை இருந்தது. பருப்புச் சாதத்துக்கும், சூடான ராகிக் களிக்கும் மேலே விட நெய். புளிக்குழம்புக்கும் ஊறுகாய்க்கும் நல்லெண்ணெய். பலகாரம் சுடக் கடலை எண்ணெய். இந்தப் பங்கீட்டில் நியாயம் உண்டு. நல்லெண்ணெயில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் அது விரைவில் கெடாமல் காப்பதால், மாதக்கணக்கில் வைக்கும் ஊறுகாய்க்கு அது பொருந்துகிறது. நெய் விலையுயர்ந்த பொருளாகையால் கரண்டி நுனியில் விட்டு மணத்தை அநுபவித்தார்கள். அண்டாவில் ஊற்றிப் பொரிப்பது கலியாண வீட்டோடு சரி.

நெய் ஏன் வெண்ணெயைவிட நெடுநாள் இருக்கிறது? வெண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு தண்ணீர். கொஞ்சம் பால் புரதமும் சர்க்கரையும் கூட இருக்கின்றன. கிருமிகள் வாழ்வதற்கு இவை போதும். காய்ச்சும்போது தண்ணீர் ஆவியாகிறது. புரதம் கருகிச் சிவந்து அடியில் படிகிறது. படியுமுன் தன் மணத்தை நெய்க்குக் கொடுத்துவிடுகிறது. எஞ்சுவது ஏறத்தாழ முழுவதும் கொழுப்பே. குளிர்ப்பெட்டி என்ற ஒன்றைக் கனவிலும் காணாத காலத்தில், இன்று கெடும் பாலை மாதக்கணக்கில் காப்பாற்ற நம் பெண்மணிகள் கண்ட ரஸாயனம் இது.

டால்டா வந்த கதை

இந்த நெய்க்குப் போட்டியாக ஒரு பொருள் சென்ற நூற்றாண்டில் வந்தது. திரவமான எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறைக்கு 1902-ல் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானிய ரஸாயனி உரிமை பெற்றார். அம்முறையில் செய்த வனஸ்பதி 1937-ல் 'டால்டா' என்ற பெயருடன் நம் தேசத்துக் கடைகளில் புகுந்தது. நெய் வாங்க வசதியற்றவர்களுக்கு அது ஒரு மலிவான மாற்று. அவ்வளவோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அது நெய்யைப் போலவே வெண்மையாகவும் மணல்மணலாகவும் இருந்ததால், நெய்யோடு கலந்து விற்போர் கிளம்பினார்கள். காந்தியடிகள் இந்த மோசடியைக் கண்டித்தார். சுதந்திரத்திற்குப் பின் வனஸ்பதியை அடியோடு தடுக்க வேண்டுமென்று கிளர்ச்சி எழுந்தும், தடை வரவில்லை. ஆனால் வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் சேர்த்தே ஆகவேண்டுமென்று விதி ஏற்பட்டது.

இவ்விதியின் சூட்சுமம் ரஸமானது. நல்லெண்ணெய் கலந்த கொழுப்பை, அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிறிது சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால், அமிலம் செந்நிறம் கொள்ளும். ஆகவே உருக்கிய நெய் இந்தச் சோதனையில் சிவந்தால், வனஸ்பதி கலந்திருக்கிறதென்று சந்தேகிக்கலாம். பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் உபாத்தியாயர் முன்னிலையில் செய்யத்தக்க சோதனை இது. அமிலத்தை அடுக்களைக்குள் கொண்டுவர வேண்டாம்.

எண்ணெயை அரைகுறையாகக் கெட்டிப்படுத்தும்போது 'டிரான்ஸ் கொழுப்பு' என்ற தீய பொருள் உண்டாகிறது என்பதும், அது இருதய நோயை வளர்க்கிறது என்பதும் பிற்பாடு தெளிவாயின. நமது உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதன் அளவைப் படிப்படியாகக் குறைத்து, 2021 ஜனவரியில் நூற்றுக்கு 3 என்றும், 2022 ஜனவரியில் நூற்றுக்கு 2 என்றும் வரம்பு கட்டியது.

இப்போது வேறொரு கவர்ச்சி வந்திருக்கிறது. 'ஏ2 நெய்' என்று சீட்டு ஒட்டி அதிக விலை கூறுகிறார்கள். ஏ1, ஏ2 என்பவை பாலிலுள்ள ஒருவகைப் புரதத்தின் பேதங்கள். நெய்யிலோ புரதமே அநேகமாக இல்லை! இல்லாத பொருளின் பேரால் ஏன் விலை கொடுப்பது? 2024 ஆகஸ்டில் இத்தகைய சீட்டுக்களை நீக்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டு, சில தினங்களில் அவ்வுத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உத்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நெய்யில் புரதம் இல்லை என்ற உண்மை மாறாது.

கடை நெய் வாங்குவோர்க்கு ஒரு கணக்கு உதவும். நூற்றுக்கு 4 பங்கு கொழுப்புள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய் எடுக்க 25 லிட்டராவது வேண்டும். 7 பங்கு கொழுப்புள்ள எருமைப்பால் என்றால் 15 லிட்டருக்குக் குறையாது. பால்பண்ணைகள் கொழுப்பெடுத்த பாலையும் காசாக்குவதால் 25 லிட்டர் பாலின் முழு விலையும் நெய்யின் மேல் விழாதுதான். இருப்பினும், நாணயமான பண்ணைகள் விற்கும் விலையில் பாதிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் ஒருவர் வீடு தேடி வந்து நெய் கொடுத்தால், அவருக்குப் பசு எங்கே இருக்கிறதென்று விசாரிப்பது உத்தமம்.

ஏட்டிலிருந்து நெய்

வீட்டில் நெய் எடுப்பது சிரமமான காரியமல்ல. பாலை நன்றாகக் காய்ச்சி, அசைக்காமல் ஆறவைத்து, தடித்த ஏட்டை எடுத்து ஒரு பாத்திரத்தில் சேர்க்கவும். முதல் நாளிலேயே அதில் ஒரு கரண்டித் தயிர் விட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், ஒரு வாரம் சேர்க்கலாம். சில பாக்கெட் பாலில் கொழுப்புத் துளிகளை இயந்திரத்தால் மிக நுண்ணியவாக உடைத்துவிடுகிறார்கள். அப்பாலில் ஏடு தடித்துக் கட்டாது. கறந்த பால் வாங்குவோர்க்கே இம்முறை பலன் தரும். மாடுள்ளவர்கள் பாலை உறை குத்தி, தயிரையே கடைவது பழைய வழக்கம். மோரும் மிகுதியாகக் கிடைக்கும்.

கடையும் நாளில் ஏட்டுப் பாத்திரத்தைச் சில நாழிகை வெளியே வைத்து, சற்றே புளித்த பின் மத்தால் கடையவும். வெண்ணெய் திரளாவிட்டால் குற்றம் பெரும்பாலும் சூட்டில்தான். கோடையில் குளிர்ந்த நீரும், மார்கழிக் குளிரில் வெதுவெதுப்பான நீரும் விட்டால் திரண்டுவிடும். பாட்டிமார் கோழி கூவும் வேளையில் கடைந்ததற்கும் இதுவே காரணம். வெயில் ஏறிவிட்டால் வெண்ணெய் இளகி மோரோடு கலந்துவிடும். திரண்ட வெண்ணெயை, கழுவும் நீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை அலசவும். மோர் தங்கினால் நெய்யில் புளிப்பு வாடை வரும்.

பிறகு அடிகனத்த பாத்திரத்தில் இட்டு, நிதானமான தீயில் காய்ச்ச வேண்டும். முதலில் பொங்கி நுரைக்கும். சடசடவென்று ஓசை வரும். அது தண்ணீர் வெளியேறும் ஓசை. ஓசை அடங்கி, நுரை மெலிந்து, அடியில் கசடு பொன்னிறமாகச் சிவக்கும் தருணமே பதம். அதற்கு முன்னால் இறக்கினால் ஈரம் தங்கி நெய் கெடும். பின்னால் இறக்கினால் கருகும். இறக்கும் சமயத்தில் ஒரு பிடி முருங்கை இலையோ கறிவேப்பிலையோ, ஒரு வெற்றிலையோ போடுவது வழக்கம். மணத்துக்காக மட்டும் அல்ல. இத்தகைய இலைகள் நெய்யில் சிக்கு வாடை ஏறுவதைத் தாமதப்படுத்துவதை ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். ஆறியபின் வடிகட்டி, ஈரமற்ற கண்ணாடிச் சீசாவிலோ பீங்கான் ஜாடியிலோ வைக்கவும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடாது. செம்பு பட்டால் நெய் விரைவில் கெடும். அடிக்கசட்டில் வெல்லத்தூள் சேர்த்து உருட்டிக் கொடுத்தால், எந்த மிட்டாயையும் குழந்தைகள் மறந்துவிடுவார்கள்.

எவ்வளவு உண்பது?

வீட்டு நெய் என்பதற்காக அது மருந்தாகிவிடாது. ஒரு கிராம் நெய்யில் 9 கலோரி. எந்த எண்ணெயிலும் அவ்வளவுதான். நெய்யில் பாதிக்கு மேற்பட்டது பூரிதக் கொழுப்பு. ஒருவர் பெறும் சக்தியில் இத்தகைய கொழுப்பின் பங்கு பத்தில் ஒன்றுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் உபதேசம். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம் ஆகும். பால், தேங்காய் முதலியவற்றிலிருந்தும் அது வந்துகொண்டிருப்பதால், நெய்யைச் சிறு கரண்டி அளவில் நிறுத்துவதே விவேகம். ஏர் பின்னால் நடந்த பாட்டனாரின் கணக்கு, நாற்காலியில் அமர்ந்து சம்பாதிக்கும் பேரனுக்குப் பொருந்தாது. இருதய நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும்.

இங்கேதான் வீட்டு நெய்யின் பெரிய நன்மை விளங்குகிறது. தினம் ஒரு லிட்டர் பசும்பால் வாங்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 40 கிராம் கொழுப்பு. ஏட்டில் பாதியாவது திரட்டினால் நாளைக்கு 20 கிராம். மாதத்தில் 600 கிராம். நால்வருள்ள குடும்பத்தில் ஆளுக்குத் தினம் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் வீதம், மாதச் செலவும் சரியாக 600 கிராம்! கடைவதிலும் காய்ச்சுவதிலும் சிறிது சேதாரம் போனாலும் பெரிய குறை வராது. மிஞ்சிய பாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமல் இருக்கின்றன. உடம்புக்கு உகந்த அளவையே வீடு தருகிறது. மத்தைப் பிடித்துக் கடைகிற கை தாராளமாக ஊற்றாது. கடையில் வாங்கிய டப்பாவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

முதல் படி யாருக்கு?

பால் விற்பவர்களை நாம் குறைகூற வரவில்லை. 1927-ல் காந்தியடிகள், ஓசூருக்கு அடுத்த பெங்களூரிலிருந்த அரசாங்கப் பால்பண்ணை நிலையத்துக்குச் சென்று மாடு வளர்ப்பைப் பற்றிக் கற்றறிந்தார். பின்னாளில் வர்கீஸ் குரியன் அதே நிலையத்தில் பயின்றார்; அவர் ஆனந்தில் வளர்த்த கூட்டுறவு இயக்கம் தேசமெங்கும் பரவிற்று. 1998-ல் பாரதம் உலகத்திலேயே அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடாயிற்று. மாடு வளர்க்கும் ஏழைப் பெண்ணின் கையில் வாரந்தோறும் ரொக்கம் வந்தது. இது சாமானிய லாபமன்று.

ஆனால் ரொக்கத்தின் ஆசையில், கறந்த பால் முழுவதையும் கேனில் ஊற்றிவிட்டு, குழந்தைக்குக் கறுப்புத் தேநீர் கொடுக்கும் வீடுகளையும் நாம் பார்க்கிறோம். தயிர் கடைந்த நாளில் மோர் வாங்கப் பாத்திரத்தோடு வந்த அண்டை வீட்டாருக்கு இப்போது வாசல் தெரிவதில்லை. விற்று மிஞ்சியதைக் குடிப்பது என்ற வழக்கத்தை, குடித்து மிஞ்சியதை விற்பது என்று திருப்பினால் போதும். மாடு கட்டிய ஒவ்வொரு வீட்டாரும் கறவையில் ஒரு லிட்டரை முதலில் எடுத்து வைக்கட்டும்; மற்றது சங்கத்துக்குப் போகட்டும். மாடில்லாத பட்டணத்துக் குடும்பத்தார் ஏட்டைக் கழுவித் தள்ளாமல் இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து மத்தை இறக்கித் துடைத்து வையுங்கள். கயிற்றின் ஒரு தலைப்பைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அரைமணி நேரத்தில் வெண்ணெய் திரளும், மோரும் மிஞ்சும், மத்து என்றால் என்னவென்று யாரும் படத்தைக் காட்டிச் சொல்லவேண்டிய அவசியமும் இராது.