பெருக்குவதா, வகுப்பதா?



வாய்ப்பாட்டைத் தடங்கலின்றி ஒப்பிக்கும் பிள்ளைகள்கூட, அதையே ஒரு வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் திகைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். “இதைப் பெருக்குவதா, வகுப்பதா?” என்று கேட்பார்கள். எண் தெரிகிறது, அதன் பொருள் விளங்கவில்லை. அந்தப் பொருளை உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே காட்டிவிடலாம்.

முதலில், ஒரு லிட்டர் எவ்வளவு என்பதைப் பிள்ளை கண்ணால் காணட்டும். பழைய அட்டையை வெட்டி, நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டர் உள்ள பெட்டி ஒன்று செய்யச் சொல்லுங்கள். அதன் கொள்ளளவு ஒரு லிட்டர்.

இனி தொட்டிக்கு வருவோம். உட்புறம் நீளம் 100, அகலம் 60, உயரம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் நம் பெட்டிகள் 10 அமரும். அகலவாக்கில் அப்படி 6 வரிசை. ஆக, ஓர் அடுக்கில் 60 பெட்டிகள். உயரத்தில் 5 அடுக்குகள். 60ஐ 5ஆல் பெருக்கினால் 300. தொட்டி நிறைய 300 லிட்டர் தண்ணீர். ஒரே அளவான அடுக்குகளைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் பெருக்கல்.

இந்தத் தொட்டியை 12 லிட்டர் வாளியால் நிரப்ப எத்தனை வாளி வேண்டும்? 300ஐ 12ஆல் வகுக்க வேண்டும், 25 வாளி. வீட்டில் ஐந்து பேர் சமமாகப் புழங்கினால் ஆளுக்கு எவ்வளவு? 300ஐ 5ஆல் வகுத்தால் 60 லிட்டர். ‘எத்தனை தடவை’ என்று கேட்டாலும், ‘ஆளுக்கு எவ்வளவு’ என்று கேட்டாலும் வகுத்தல்தான். விடை சரியா என்று பார்க்க, 25ஐ 12ஆல் திரும்பப் பெருக்கட்டும். 300 வந்தால் சரி.

வாளி 14 லிட்டர் பிடிப்பதானால்? ஈவு 21, மீதி 6. பிள்ளை அதோடு நிறுத்திவிடக்கூடும். “தொட்டி நிரம்பிவிட்டதா?” என்று கேளுங்கள். அந்த 6 லிட்டருக்காக இன்னொரு நடை போக வேண்டும். ஆகவே 22 நடை. மீதியை என்ன செய்வது என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தப் பாடத்தை நடத்தலாம். வாளியும் தண்ணீரும் போதும். இப்படிக் கற்ற பிள்ளை, நாளை சம்பளச் சீட்டைக் கையில் வாங்கும்போது, பிறர் சொல்லும் தொகைக்குத் தலையாட்டாது. தானே கணக்குப் பார்த்து, சரி எது, பிழை எது என்று கேட்கும்.